எம். ஜே. கோபாலன்

எம். ஜே. கோபாலன் (ஜூன் 6, 1909 - டிசம்பர் 21, 2003) தமிழ்நாட்டைச் சேர்ந்த விளையாட்டு வீரர். மொறப்பாக்கம் ஜோஸ்யம் கோபாலன் என்பது இவரது முழுப்பெயர். துடுப்பாட்டம், வளைதடிப் பந்தாட்டம் (ஹாக்கி) ஆகிய இரண்டிலும் இந்தியாவுக்காக ஆடிய மிகச் சிலருள் இவரும் ஒருவர்.

இளமை

செங்கல்பட்டு மாவட்டம் மொறப்பாக்கத்தில் பிறந்தார். இளமையிலேயே இவரது குடும்பம் சென்னை திருவல்லிக்கேணிக்குக் குடிபெயர்ந்தது. சென்னைத் துடுப்பாட்டத்தை வளர்த்த ஆங்கிலேயரான சி. பி. ஜான்ஸ்டன் இவரது வேகப்பந்து வீச்சைக் கண்டு ஊக்குவித்தார். பர்மா ஷெல் நிறுவனத்தில் வேலையும் பெற்றுத் தந்தார். விளையாட்டால் வருமானம் கிடைக்காத அக்காலத்தில் இத்தகைய வேலையே ஒரு வீரரைத் தொடர்ந்து ஆட வைத்தது.

துடுப்பாட்டம்

1934 ஜனவரியில் கல்கத்தா ஈடன் தோட்டத்தில் டக்ளஸ் ஜார்டின் தலைமையிலான இங்கிலாந்து அணிக்கு எதிராகத் தேர்வுப் போட்டியில் ஆடினார். ஆட்டமிழக்காமல் 11 ஓட்டங்களும் இரண்டாவது இன்னிங்சில் 7 ஓட்டங்களும் எடுத்தார். ஓர் இலக்கையும் வீழ்த்தினார். இவர் ஆடிய ஒரே தேர்வுப் போட்டி இதுவே.

அதே ஆண்டு நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் சென்னை, மைசூர் அணிகள் மோதின. ரஞ்சிக் கோப்பையின் முதல் போட்டியான இதில் முதல் பந்தை வீசியவர் கோபாலனே. மைசூர் அணி 48, 59 ஓட்டங்களுக்குச் சுருண்டதால் போட்டி ஒரே நாளில் முடிந்தது. ஏ. ஜி. ராம்சிங் 11 இலக்குகளைக் கைப்பற்றினார்.

1936ஆம் ஆண்டு முடிவு

1935இல் தியான் சந்த் தலைமையில் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா சென்ற இந்திய வளைதடிப் பந்தாட்ட அணியில் கோபாலன் இடம்பெற்றார். அவ்வணி ஆடிய 48 போட்டிகளிலும் வென்றது. மறு ஆண்டு பெர்லின் ஒலிம்பிக் போட்டிகளும் துடுப்பாட்ட அணியின் இங்கிலாந்துச் சுற்றுப்பயணமும் ஒரே காலத்தில் வந்தன. இரண்டில் ஒன்றையே தேர்ந்தெடுக்க இயலும் என்ற நிலையில் கோபாலன் இங்கிலாந்துக்குச் சென்றார்.

விஜயநகரம் மகாராஜ்குமார் தலைமையிலான அவ்வணி உட்பூசலுக்குப் பெயர் பெற்றது. லாலா அமர்நாத் பயணத்தின் நடுவிலேயே திருப்பி அனுப்பப்பட்டார். முகமது நிசார், அமர் சிங் ஆகிய சிறந்த வேகப்பந்து வீச்சாளர்கள் இருந்தமையால் கோபாலனுக்கு மூன்று தேர்வுப் போட்டிகளில் ஒன்றில்கூட இடம் கிடைக்கவில்லை. இந்தியா தொடரை 0-2 என இழந்தது. ஆகஸ்ட் 15 அன்று பெர்லின் இறுதியாட்டத்தில் இந்தியா ஜெர்மனியை 8-1 என வென்று தங்கம் பெற்றது. 1928, 1932 ஆகிய இரு ஒலிம்பிக்குகளிலும் இந்தியாவே தங்கம் வென்றிருந்ததால், கோபாலன் கைவிட்டது ஏறத்தாழ உறுதியான பதக்கம் எனலாம்.

பிற்காலம்

ரஞ்சிக் கோப்பையில் சென்னை அணிக்குத் தலைமை தாங்கினார். 1950களின் தொடக்கம் வரை ஆடிய இவர், முதல்தரப் போட்டிகளில் 194 இலக்குகளை வீழ்த்தினார். பின்னர் தேசியத் தேர்வாளராகவும் பணியாற்றினார். 1952-53 பருவத்தில் சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே தொடங்கிய போட்டிக்குக் கோபாலன் கோப்பை எனப் பெயரிடப்பட்டது. இலங்கை 1981இல் தேர்வுத் தகுதி பெறும் முன், அந்நாட்டு வீரர்கள் பலருக்கு இது முக்கியமான பயிற்சிக் களமாக இருந்தது.

2003 டிசம்பர் 21 அன்று சென்னையில் காலமானார். அப்போது உயிருடன் இருந்த தேர்வுத் துடுப்பாட்ட வீரர்களுள் இவரே மூத்தவர்.