எழுதத் தெரியாத பெண் "நாவல் ராணி" ஆனார்!
துப்பறியும் கதை எழுதிய வை.மு.கோதைநாயகி அம்மாள் வரலாறு

துப்பறியும் கதை படிக்கலாமா, கூடாதா?

இது இன்று நேற்று வந்த சண்டை அல்ல. நூறு ஆண்டுகளாகத் தமிழ்நாட்டு வீடுகளில் நடந்து வரும் சண்டை!

கொலை, கொள்ளை, ஆள்மாறாட்டம் என்று வரும் கதைகளைப் படித்தால் புத்தி கெட்டுப் போகும் என்பது ஒரு கட்சி. கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வரவில்லையே, அதில் என்ன தப்பு என்பது இன்னொரு கட்சி.

பெண்கள் இந்தக் கதைகளைத் தொடவே கூடாது என்று பெரியவர்கள் தடுத்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் ஒரு பெண் துணிந்து இத்தகைய கதைகளை எழுத முன்வந்தார். அதுவும், பள்ளிக்கூடத்து வாசற்படியை மிதிக்காத பெண்!

அவர்தான் வை.மு.கோதைநாயகி அம்மாள்.

5½ வயதில் கல்யாணம்

1901-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 1-ந்தேதி கோதைநாயகி பிறந்தார். தகப்பனார் பெயர் வெங்கடாச்சாரி. ஆசாரமான வைணவக் குடும்பம்.

குழந்தைக்கு ஒரு வயது ஆனபோது தாயார் இறந்துவிட்டார். பாட்டியின் மடியில் குழந்தை வளர்ந்தது.

அந்தக் காலத்தில் பால்ய விவாகம் சாதாரணம். 1907-ம் ஆண்டில் கோதைநாயகிக்குக் கல்யாணம் நடந்தது. மணமகளுக்கு வயது 5½. மணமகன் பார்த்தசாரதிக்கு வயது 9!

"வை.மு." என்பது புகுந்த வீட்டுப் பெயர். வைத்தமாநிதி முடும்பை என்பதன் சுருக்கம் அது. பிற்காலத்தில் தமிழ்நாடு முழுவதும் தெரிந்த இரண்டு எழுத்துக்களாக அது ஆயிற்று.

நல்ல மாமியார், நல்ல கணவர்

மருமகளைக் கொடுமைப்படுத்தும் மாமியார்களைக் கதைகளில் நிறையப் பார்க்கிறோம். கோதைநாயகிக்கு வாய்த்த மாமியார் அப்படிப்பட்டவர் அல்ல. மருமகளுக்குத் தெலுங்கு சொல்லிக் கொடுத்தார்.

கணவர் பார்த்தசாரதிக்கு நாடகம் என்றால் உயிர். தான் மட்டும் போய் நாடகம் பார்த்துவிட்டு வரவில்லை. மனைவியையும் கூட அழைத்துப் போனார். அந்த நாளில் இது ஒரு அதிசயம்.

நாடகக் கொட்டகையில் பார்த்ததெல்லாம் கோதைநாயகியின் மனதில் பதிந்தது. வீட்டுக்கு வந்ததும் அவருக்குத் தோன்றும் கதைகளே வேறு!

திருவல்லிக்கேணியில் அவர் வீட்டைச் சுற்றியிருந்த குழந்தைகளை உட்கார வைத்துக் கொண்டு கதை சொல்லுவார். பழைய கதைகள் மட்டும் அல்ல. சொந்தமாகக் கட்டிய கதைகளும் உண்டு. குழந்தைகள் வாய் பிளந்து கேட்பார்கள். அவர்களுக்குப் பின்னால் பெரியவர்களும் வந்து நிற்பார்கள்.

தோழி பிடித்த பேனா

கதை இருந்தது. சொல்லும் திறமை இருந்தது. ஆனால் அதைக் காகிதத்தில் எழுத அவருக்குச் சரளமாக வரவில்லை.

அதற்காக அவர் சோர்ந்து விடவில்லை. பட்டம்மாள் என்ற தோழி கை கொடுத்தார். கோதைநாயகி சொல்லச் சொல்ல, தோழி எழுதினார். இப்படிப் பிறந்ததுதான் "இந்திரமோகனா" என்ற நாடகம். 1924-ம் ஆண்டில் அது புத்தகமாக வெளிவந்தது. அச்சில் தன் பெயரைப் பார்த்தபோது அவருக்கு வயது 23 நடந்து கொண்டிருந்தது.

எத்தனை நாளைக்கு இன்னொருவர் கையை நம்பி இருப்பது? பிறகு அவர் தாமே எழுதப் பழகிக் கொண்டார். மனதில் முட்டிக் கொண்டிருந்த கதைகளே அவருக்கு வாத்தியார்!

கோவிந்தனும் திகம்பர சாமியாரும்

அப்போது தமிழ்நாட்டில் துப்பறியும் நாவல்களுக்கு ஏக கிராக்கி.

1908-ம் ஆண்டில் ஜே.ஆர்.ரங்கராஜு "ராஜாம்பாள்" என்ற நாவலை எழுதினார். அதில் வரும் துப்பறியும் கோவிந்தனைத் தெரியாத வாசகர்கள் இல்லை என்று ஆயிற்று. ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கில நாவல்களைத் தழுவி, டஜன் டஜனாக நாவல்கள் எழுதினார். வடுவூர் துரைசாமி அய்யங்கார் தாசில்தார் வேலையையே உதறிவிட்டு நாவல் எழுத வந்தார். அவர் எழுதிய "மேனகா" 1935-ல் சினிமாப் படமாக வந்தது. அவருடைய "திகம்பர சாமியார்" 1950-ல் படமாகி, எம்.என்.நம்பியார் பல வேடங்களில் தோன்றி நடித்தார்.

வாசகர்களுக்கு இந்தக் கதைகள் மேல் இருந்த மோகம் இங்கு மட்டும் அல்ல, சீமையிலும் அப்படித்தான். 1893-ம் ஆண்டில் கானன் டாயில் என்ற ஆசிரியர், தம் கதாநாயகனான துப்பறியும் ஷெர்லாக் ஹோம்ஸ் இறந்து விட்டதாக எழுதினார். வாசகர்கள் கொதித்தார்கள். பத்திரிகையை வாங்குவதையே பலர் நிறுத்தி விட்டார்கள். கடைசியில், செத்துப் போன ஹோம்சை அந்த ஆசிரியர் உயிரோடு திரும்ப அழைத்து வரவேண்டியதாயிற்று!

தமிழில் இந்த வகை நாவல்களுக்குப் பேர் வாங்கியவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவே கோதைநாயகி நுழைந்தார். அவர் எழுதிய முதல் நாவல் "வைதேகி".

ஜகன்மோகினி

வடுவூர் துரைசாமி அய்யங்கார் அப்போது "மனோரஞ்சனி" என்ற பத்திரிகையை நடத்தி வந்தார். கோதைநாயகியின் எழுத்து அவருக்குப் பிடித்தது. "வைதேகி" வெளிவர உதவி செய்தார். அத்துடன் ஒரு யோசனையும் சொன்னார். "ஜகன்மோகினி" என்ற பத்திரிகை நின்று போய்க் கிடந்தது. அதை வாங்கி நடத்தலாம் என்பதே அந்த யோசனை.

1925-ம் ஆண்டில் "ஜகன்மோகினி" கோதைநாயகியின் கைக்கு வந்தது. ஆசிரியர் அவரே. தொடர்கதை எழுதுபவரும் அவரே. கணவர் பார்த்தசாரதி பக்கபலமாக நின்றார்.

அடுத்த இதழ் எப்போது?

துப்பறியும் தொடர்கதையில் ஒரு சூட்சுமம் உண்டு.

பெட்டியில் இருந்த நகை காணோம். பழி வீட்டு மருமகள் மேல் விழுகிறது. இருட்டில் ஓடிய உருவம் யார்? இந்த இடத்தில் "தொடரும்" என்று போட்டுவிட்டால், படித்தவருக்குத் தூக்கம் வராது. அடுத்த இதழ் வரும் வரை அடுப்படியிலும் கிணற்றடியிலும் அதே பேச்சுதான். வேலைக்காரன்தான் திருடன் என்பாள் ஒருத்தி. இல்லை, பங்காளிதான் என்பாள் இன்னொருத்தி. படித்தவள், படிக்காதவள் என்ற பேதம் இந்த வழக்கில் கிடையாது. எல்லாரும் நீதிபதிகளே!

எழுத்துத் தெரியாத பெண்கள், தெரிந்தவர்களை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். ஆனால் வாசிக்கிறவளுக்கு எப்போதும் ஒழிவு கிடைக்குமா? மர்மம் தெரியாமல் எத்தனை நாள் காத்திருப்பது? கோதைநாயகியின் கதைகளைத் தாங்களே படிக்க வேண்டும் என்பதற்காக எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக் கொண்ட பெண்கள் உண்டு என்று சொல்வார்கள்.

அரிச்சுவடி செய்யாத வேலையைத் துப்பறியும் கதை செய்தது!

எதிர்ப்பு

புகழ் வளர்ந்தது போலவே எதிர்ப்பும் வளர்ந்தது.

ஒரு பெண் பத்திரிகை நடத்துவதா என்று சிலர் முகம் சுளித்தார்கள். நாவல் படிக்கும் பெண்கள் வீட்டைக் கவனிக்க மாட்டார்கள் என்று சிலர் பேசினார்கள். திருட்டையும் மோசடியையும் பற்றிக் குடும்பப் பெண் எழுதலாமா என்றும் கேட்டார்கள்.

கோதைநாயகி வாயால் பதில் சொல்லிக் கொண்டிருக்கவில்லை. கதையால் பதில் சொன்னார். மர்மத்தை வைத்து வாசகரை இழுத்தார். உள்ளே வந்தவர்களுக்கு வேறு விஷயமும் கொடுத்தார். குடியினால் குடும்பம் பாழாவது, விதவைகள் படும் பாடு, பெண்களுக்குப் படிப்பு வேண்டும் என்பது, தேசபக்தி – எல்லாம் அவருடைய நாவல்களில் வந்தன.

குற்றம் செய்தவன் யார் என்று தேடுகிற வாசகி, குற்றத்துக்குக் காரணம் என்ன என்றும் யோசிக்கத் தொடங்கினாள். கஷாயத்தைத் தேனில் குழைத்துக் கொடுக்கும் பாட்டி வைத்தியம் போன்றது அது.

பட்டும் வைரமும் போயின

1925-ம் ஆண்டில் மகாத்மா காந்தி சென்னைக்கு வந்திருந்தார். காங்கிரஸ் தலைவர் எஸ்.சீனிவாச அய்யங்காரின் வீட்டில் கோதைநாயகி அவரைச் சந்தித்தார்.

அந்தச் சந்திப்பு அவருடைய வாழ்க்கையையே மாற்றியது. அன்று முதல் பட்டுப் புடவையையும் விலை உயர்ந்த நகைகளையும் துறந்தார். கதர்ப் புடவை கட்டினார். கூட்டம் கூட்டமாகப் போய்ப் பேசினார். நல்ல குரல் உள்ளவர் ஆதலால், மேடையில் தேசபக்திப் பாட்டுகளும் பாடினார்.

கள்ளுக்கடை மறியலிலும், அன்னியத் துணி எதிர்ப்பிலும் கலந்து கொண்டார். 1930-ஐ அடுத்த ஆண்டுகளில் ஜெயிலுக்குப் போனார். அவர் ஜெயிலில் இருந்த காலத்தில் கணவர் பத்திரிகையைக் கவனித்துக் கொண்டார்.

ஜெயிலிலும் கோதைநாயகியின் பேனா ஓயவில்லை. நாவல் எழுதினார். ஜெயிலையும் போலீசையும் கதையில் எழுதியவர்கள் பலர். உள்ளே இருந்து அனுபவித்து எழுதியவர்கள் சிலரே.

115 நாவல்கள்

"ஜகன்மோகினி" சுமார் 35 ஆண்டுகள் நடந்தது. கோதைநாயகி எழுதிய நாவல்கள் மொத்தம் 115. "நாவல் ராணி" என்ற பட்டப்பெயர் அவருக்கு நிலைத்தது. அவருடைய நாவல்கள் சினிமாவுக்கும் போயின. 1937-ல் "ராஜ்மோகன்", 1938-ல் "அனாதைப் பெண்" ஆகிய படங்கள் வெளிவந்தன.

1948-ம் ஆண்டில் காந்தியடிகள் கொல்லப்பட்டார். அவர் நினைவாகத் திருவல்லிக்கேணியில் "மகாத்மாஜி சேவா சங்கம்" என்ற அமைப்பைக் கோதைநாயகி தொடங்கினார். ஏழைப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உதவுவது அதன் வேலை. எழுதத் தெரியாமல் தாம் பட்ட கஷ்டத்தை அவர் மறக்கவில்லை.

தாயின் துயரம்

1956-ம் ஆண்டில் ஒரு பேரிடி விழுந்தது. அவருடைய ஒரே மகன் சீனிவாசன் இறந்து போனார்.

எத்தனையோ கதைகளில் பிரிந்தவர்களைக் கடைசி அத்தியாயத்தில் சேர்த்து வைத்தவர் அவர். காணாமற்போன பிள்ளை மாறுவேடத்தில் திரும்பி வருவது அந்தக் காலத்து நாவல்களில் வழக்கம். வாழ்க்கையில் அப்படி ஒரு அத்தியாயம் இல்லை. துயரம் அந்தத் தாயை உருக்கியது.

பிறகு காசநோய் அவரைப் பிடித்தது. தாம்பரம் ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெற்று வந்தார். 1960-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 20-ந்தேதி அங்கே காலமானார். அப்போது அவருக்கு வயது 58.

அவர் மறைந்து 6 ஆண்டுகள் கழித்து, அவருடைய "தயாநிதி" என்ற நாவல் "சித்தி" என்ற பெயரில் படமாக வந்தது. 1966-ல் வெளிவந்த அந்தப் படத்தில் பத்மினி நடித்தார். கே.எஸ்.கோபாலகிருஷ்ணன் டைரக்ட் செய்தார். படம் சக்கைப்போடு போட்டது. கதை எழுதிய அம்மையார்தான் அதைப் பார்க்க இல்லை.

சண்டை இன்னும் ஓயவில்லை

துப்பறியும் கதைகளைப் பற்றிய சண்டை மட்டும் இன்னும் ஓயவில்லை. இன்று அவற்றுக்குக் "கிரைம் நாவல்" என்று பெயர்.

சென்னைக்கு மேற்கே, போரூருக்கும் பூந்தமல்லிக்கும் இடையே ஐயப்பன்தாங்கல் இருக்கிறது. அங்கே பஸ் ஏறி, நெரிசலில் ஊர்ந்து திருவல்லிக்கேணிப் பக்கம் போய்ச் சேர வெகு நேரம் பிடிக்கும். அவ்வளவு நேரமும் போவதே தெரியாமல் செய்ய ஒரு கிரைம் நாவல் போதும். கொலையாளி யார் என்று தெரிவதற்குள் இறங்கும் இடம் வந்துவிட்டதே என்று வருத்தப்படுகிறவர்களும் உண்டு!

இதெல்லாம் ஒரு படிப்பா என்று பக்கத்தில் இருப்பவர் நினைக்கலாம். எல்லாத் துப்பறியும் கதைகளும் உயர்ந்தவை என்று சொல்ல முடியாதுதான். ரத்தத்தைக் காட்டியே பக்கத்தை நிரப்பும் கதைகளும் இருக்கின்றன. பொய்யின் முடிச்சை அவிழ்த்து, நிரபராதியை மீட்கும் கதைகளும் இருக்கின்றன. எது எப்படிப்பட்டது என்று படித்துப் பார்த்தால்தான் தெரியும்.

படித்துப் பார்க்க முதலில் எழுத்துத் தெரிய வேண்டும். அந்த ஆசையைத்தான் கோதைநாயகி அம்மாள் வீட்டுக்குள் இருந்த பெண்களுக்கு ஊட்டினார். தோழியின் கையால் முதல் கதையை எழுதியவர், 115 நாவல்களைத் தந்துவிட்டுப் போனார்.