கூலியைக் குறைத்தால் போதுமா? சர்ச்சிலை எதிர்த்த கெயின்ஸ்

பொருளாதார மேதை கெயின்ஸ், 1883-ம் ஆண்டு இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்தார். லண்டனில் இந்தியா மந்திரி அலுவலகத்தில் வேலை பார்த்தார். 1913-ல் வெளிவந்த அவருடைய முதல் புத்தகம், நம் ரூபாயைப் பற்றியது!

1925-ல் நிதி மந்திரி சர்ச்சில், பவுண்டு நாணயத்தைப் பழைய மதிப்பிலேயே தங்கத்தோடு பிணைத்தார். தங்கத்தோடு பிணைத்த நாடுகள் எல்லாம் ஒரே நாணயம் வைத்திருப்பது போலத்தான். வியாபாரம் படுத்தால் நாணய மதிப்பைக் குறைக்க முடியாது. கூலி இறங்கினால் சரக்கு விலை இறங்கும், வெளிநாட்டில் விற்கும், வேலை நிலைக்கும். இறங்காவிட்டால் வேலையே போகும்.

எல்லோர் கூலியும், எல்லா விலையும் ஒன்றாக இறங்கினால் நஷ்டம் இல்லை. அதற்கு வழி இல்லையே என்றார் கெயின்ஸ். பவுண்டின் மதிப்பு நூற்றுக்குப் பத்து அதிகம், அந்தச் சுமை முதலில் நிலக்கரித் தொழிலாளர் தலையில் விழும் என்று சிறு புத்தகம் எழுதி எச்சரித்தார்.

அப்படியே நடந்தது. 1926-ல் சுரங்க முதலாளிகள் கூலியைக் குறைத்தார்கள். மறுத்தவர்களுக்கு வேலை இல்லை. நாடெங்கும் 9 நாள் வேலைநிறுத்தம்! சுரங்கத் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் போராடி, பசியால் தோற்றார்கள்.

1931-ல் இங்கிலாந்து தங்கப் பிணைப்பை அறுத்தது. 1946-ல் கெயின்ஸ் காலமானார்.

1999-ல் ஐரோப்பிய நாடுகள் பல, யூரோ என்ற ஒரே நாணயத்தை ஏற்றன. பத்தே ஆண்டில் நெருக்கடி வந்தது. யாருடைய கூலியைக் குறைப்பது என்ற பழைய கேள்வி, அங்கே மறுபடியும் எழுந்தது.