துவாரகாநாத தாகூரும் நிலக்கரிச் சுரங்கமும்

கவியரசர் இரவீந்திரநாத தாகூரை அறியாதார் இலர். அவருடைய பாட்டனார் துவாரகாநாதர் வணிகத் துறையில் பெரும்புகழ் ஈட்டியவர். அவர் 1794-ஆம் ஆண்டு கல்கத்தா நகரில் பிறந்தார். இளமையில் ஆங்கிலமும் சட்டமும் கற்றுத் தேர்ந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் உப்பு இலாகாவில் திவான் பதவி வகித்தார். 1834-இல் அப்பணியைத் துறந்து, வில்லியம் கார் என்னும் ஆங்கிலேயருடன் கூட்டுச் சேர்ந்து 'கார், தாகூர் கம்பெனி'யை நிறுவினார். ஆங்கில வணிகரிடம் இந்தியர் பெரும்பாலும் தரகராகவே இருந்த அக்காலத்தில், அவர் சமபங்காளியாக விளங்கினார்.

வங்காளத்தில் தாமோதர் ஆற்றின் அருகே இராணிகஞ்சு என்னும் ஊர் உள்ளது. அங்கே நிலக்கரி எடுக்க முனைந்த ஜோன்ஸ் என்பவர், அரசாங்கத்திடம் 40,000 ரூபாய் கடன் பெற்றார். அலெக்சாந்தர் கம்பெனியார் அதற்குப் பிணை நின்றனர். கடன் தீராமையால் சுரங்கம் அவர்கள் கைக்கு வந்தது. 1832-இல் அவர்களும் நொடித்தனர். 1836-இல் துவாரகாநாதர் அச்சுரங்கத்தை 70,000 ரூபாய்க்கு வாங்கினார்.

சுரங்கத்தை வாங்குவது எளிது, நடத்துவது அரிது. நீராவிக் கப்பல்கள் பெருகியமையால் கல்கத்தாவில் கரிக்குத் தேவை மிகுந்தது. ஆயினும், தாமோதர் ஆற்றில் மழைக்காலத்தில் மட்டுமே கரிப்படகுகள் செல்லும். ஏனைய மாதங்களில் வெட்டிய கரி கரையிலேயே குவிந்து கிடக்கும். கரி விற்றுப் பணம் வரும்வரை தொழிலாளர்க்குக் கூலி கொடுத்தாக வேண்டும். இதற்குப் பெருமுதல் தேவைப்பட்டது. 1829-இல் தோன்றிய யூனியன் வங்கியின் நிறுவனர்களுள் துவாரகாநாதரும் ஒருவர். அவ்வங்கியிடமே அவர் கம்பெனியும் கடன் பெற்றது. பின்னர் 1843-இல், போட்டியிட்டு வந்த அண்டைச் சுரங்கத்தாருடன் இணைந்து, பங்குதாரர் பலருக்கு உரிமையான வங்காள நிலக்கரிக் கம்பெனி அமைக்கப்பட்டது.

1846-இல் துவாரகாநாதர் இலண்டன் மாநகரில் காலமானார். மறு ஆண்டே வணிக உலகில் பெரும் நெருக்கடி மூண்டது. அவுரியின் விலை சரிந்தது. யூனியன் வங்கியின் பணமோ அவுரி வணிகரிடம் முடங்கிக் கிடந்தது. வங்கியை நடத்தியவர்களே அதனிடம் பெருங்கடன் பெற்றவர்களாகவும் இருந்தமையால், தட்டிக் கேட்பார் இலராயினர். 1848-இன் தொடக்கத்தில் வங்கியும் கார், தாகூர் கம்பெனியும் வீழ்ந்தன.

கடன்சுமை மூத்த மகன் தேவேந்திரநாதர் தலையில் விழுந்தது. குடும்பச் சொத்தில் ஒரு பகுதியைத் துவாரகாநாதர் முன்னரே அறக்கட்டளையாக எழுதி வைத்திருந்தார். சட்டப்படி கடன்காரர் அதனைத் தீண்ட இயலாது. எனினும் தேவேந்திரநாதர் அதன் பின்னே மறைந்து கொள்ளவில்லை. அதனையும் அவர்கள் முன் வைத்தார். எளிய வாழ்வை மேற்கொண்டு, பல ஆண்டுகள் உழைத்துக் கடனைத் தீர்த்தார்.

பங்குதாரர் உடைமையாய்த் தனித்து நின்ற நிலக்கரிக் கம்பெனி அழியவில்லை. 1855-இல் இராணிகஞ்சுக்கு இருப்புப்பாதை வந்தபின் அது மேலும் வளர்ந்தது. முயற்சியால் தொழில் பிறக்கும் என்பதைத் தந்தையின் வாழ்வும், நாணயத்தால் குடிப்பெயர் நிலைக்கும் என்பதை மைந்தரின் வாழ்வும் நமக்கு உணர்த்துகின்றன.