இரு கையாலும் எழுதியவர்



எங்க ஊர் புதியம்புத்தூரில் தெருவுக்குத் தெரு தையல் மெஷின் சத்தம்தான். ரெடிமேட் துணிதான் ஊருக்குச் சோறு போடுகிறது. நானோ பிறவி இடக்கைக்காரன். அப்பாவின் பெரிய கத்தரியை இடது கையில் பிடித்தால் துணி வெட்டாது, மடங்கும். அந்தக் கத்தரி வலக்கைக்காரருக்கென்றே செய்தது என்பது அப்போது தெரியாது. என் கைதான் கோளாறு என்று நினைத்துக்கொண்டேன். இடது கையால் காசு நீட்டினால் ஆச்சி தட்டிவிடுவாள். 'பீச்சாங்கை' என்பதே எனக்குப் பட்டப்பெயர்.

முதலாண்டு டிராயிங்கில் அரியர் விழுந்தது. இந்தக் கைக்குப் படிப்பு ஏறாது, பேசாமல் தையலுக்கே போய்விடலாம் என்றிருந்தேன். அப்போதுதான் காந்தியடிகளும் இடக்கைக்காரர் என்று யாரோ சொன்னார்கள். சந்தோஷத்தோடு நூலகத்தில் அவர் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன்.

1869 அக்டோபர் 2-ல் போர்பந்தரில் பிறந்தவர். ராஜ்கோட்டில் பள்ளிப் படிப்பு. 1887-ல் மெட்ரிகுலேஷன் தேறியபோது வாங்கியது ஏறக்குறைய 40 சதவீதம்தான்! பவநகர் கல்லூரியில் சேர்ந்தார். பாடம் ஒன்றும் பிடிபடாமல் ஒரே பருவத்தோடு வீடு திரும்பினார். 1888-ல் கப்பலேறி லண்டன் போனார். அங்கே மெட்ரிகுலேஷன் எழுதி லத்தீனில் கோட்டை விட்டார். நம்ம பாஷையில் சொன்னால் அரியர்! மனுஷன் விடவில்லை. மறுபடி எழுதித் தேறினார். 1891-ல் பாரிஸ்டரும் ஆனார்.

அவருக்கு இன்னொரு குறையும் இருந்தது. அது கையெழுத்து. நல்ல கையெழுத்து படிப்புக்கு அவசியமில்லை என்று சிறு வயதில் எண்ணிவிட்டார். தென்னாப்பிரிக்காவில் மற்ற வக்கீல்களின் முத்து முத்தான எழுத்தைப் பார்த்து வெட்கப்பட்டார். திருத்தப் பார்த்தார், முடியவில்லை. பிள்ளைகளுக்கு எழுத்துக்கு முன்னால் படம் வரையக் கற்றுத் தர வேண்டும் என்பது அதிலிருந்து அவர் கண்ட பாடம்.

1909 நவம்பரில் லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்பும்போது, 'கில்டோனன் காசில்' என்ற கப்பலில் 'இந்து சுயராஜ்யம்' நூலைக் குஜராத்தியில் எழுதினார். பத்தே நாளில், கப்பல் தாளில், 275 பக்கம்! வலது கை ஓய்ந்துபோனதும் பேனாவை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். அப்படி எழுதியது சுமார் 40 பக்கம். அந்த நூலைத்தான் 1910-ல் பம்பாய் அரசு தடை செய்தது.

ஆக, அவர் பிறவி இடக்கைக்காரர் அல்ல. வலக்கைக்காரர், தேவை வந்தபோது இடக்கையையும் பழக்கிக்கொண்டவர். நம்ம ஆள் இல்லையே என்று முதலில் ஏமாந்துதான் போனேன். யோசித்தபோது வேறொன்று புரிந்தது. நாற்பது சதவீதம் வாங்கியதும் அதே வலது கைதானே! மார்க்கைக் கை தீர்மானிக்கவில்லையே!

உலகில் ஏறத்தாழ பத்துப் பேரில் ஒருவர் இடக்கைக்காரர். அவர்களை மேதை என்பாரும் உண்டு, மந்தம் என்பாரும் உண்டு. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த அறிஞர்கள், இரு சாராருக்கும் அறிவுத்திறனில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை என்றே கண்டிருக்கிறார்கள். வித்தியாசம் கருவியில்தான். கத்தரி, டிராப்டர், கைப்பலகை வைத்த நாற்காலி எல்லாமே வலது கைக்குச் செய்தவை.

மறுநாளே ஆசிரியரிடம் அனுமதி கேட்டு, டிராப்டரைப் பலகையின் வலப்பக்கம் மாட்டிக்கொண்டேன். கோடு நேராக வந்தது. அடுத்த தேர்வில் அரியரும் போனது.

நண்பர்களே, புதிதாக வரும் தம்பி தங்கைகளில் இடக்கைக்காரர் யாராவது இருப்பார்கள். கேலி பேசாதீர்கள். பெஞ்சில் இடது ஓரத்தை அவருக்கு விட்டுக்கொடுங்கள். முழங்கை இடிக்காமல் எழுதட்டும்!

- மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன், புதியம்புத்தூர்