அளவோடு சொன்ன அடா லவ்லேஸ்

ஏ.ஐ. ஏஜென்ட் வந்தாச்சு, இனி நமக்கு வேலையே இல்லை என்று யாராவது சொன்னால், எனக்கு அடா லவ்லேஸ் அம்மையார்தான் நினைவுக்கு வருகிறார்.

கவிஞர் பைரனின் மகளாக 1815-இல் லண்டனில் பிறந்தார். பாபேஜ் திட்டமிட்ட கணக்கு இயந்திரத்துக்கு 1843-இல் விளக்கக் குறிப்புகள் எழுதினார். பெர்னூலி எண்களை அது கணக்கிடும் வழியைப் படிப்படியாகத் தந்தார். ஒருநாள் இசைகூட அமைக்கலாம் என்று கனவு கண்டவர், அதன் திறமையை ஊதிப் பெருக்கக் கூடாது என்றும் எச்சரித்தார். 1852-இல், 36 வயதில் மறைந்தார். அந்த இயந்திரம் முழுமையாக உருவாகவேயில்லை.

இன்றைய ஏஜென்ட் அடுத்த படியைத் தானே முடிவு செய்கிறது. சரி, கணக்குப் போடுவோம்: ஒவ்வொரு படியும் 95 சதவீதம் சரி என்று வைத்தாலும், 20 படி வேலை பிழையின்றி முடிய 36 சதவீத வாய்ப்புதான்! பிழையைக் கண்டுபிடிக்க ஆள் வேண்டாமா? அந்த ஆளாக நாம் தயாராவோம், நண்பர்களே!