மறைவிடத்தைத் துறந்தவர்: இரட்டைமலை சீனிவாசன்

துடியலூரில் வீடு தேடுகிறவர்களிடம் வாடகையைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே சில கேள்விகள் வந்துவிடும். சொந்த ஊர் எது, அந்த ஊரில் எந்தத் தெரு, குலதெய்வம் எந்தக் கோயில் என்று விசாரணை நீளும். சாதியின் பெயரை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. சென்ற ஆண்டு, சட்டம் படிக்கும் மாணவி ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்தார். நான்கு வீடுகளில் மறுக்கப்பட்டிருந்தார். ஐந்தாவது வீட்டில் பொய் சொல்லலாமா என்பதே அவர் கேட்க வந்தது. தீண்டாமையின் பேரில் ஒருவர் ஓரிடத்தில் குடியிருப்பதைத் தடுப்பது 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வீட்டுக்காரர் காரணத்தை வெளியே சொல்லாதவரை அதை மெய்ப்பிப்பது எவ்வளவு கடினம் என்பதும் வழக்கறிஞர்களுக்குத் தெரியும். ஆனால் அவர் சட்ட ஆலோசனை கேட்கவில்லை. உண்மையைச் சொல்லி வீட்டை இழப்பது தியாகமா, வெறும் அறியாமையா என்று தெரிந்துகொள்ள விரும்பினார்.

எனக்கு உடனே விடை தோன்றவில்லை. இரட்டைமலை சீனிவாசனின் நினைவுதான் வந்தது. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு, இதே கோவையில், இதே கேள்விக்கு அஞ்சி ஓடி ஒளிந்த மாணவர் அவர்.

அவரை நாம் வட்டமேசை மாநாட்டுப் படங்களில் அண்ணல் அம்பேத்கருக்கு அருகில் நிற்கும் முதியவராக அறிவோம். சென்னை கிண்டியில் நினைவு மண்டபம் உண்டு; அஞ்சல்தலை உண்டு; பிறந்தநாளுக்கு மாலை உண்டு. கோவையில் அவர் கழித்த இளமையைப் பற்றி இங்கே இருப்பவர்களே அதிகம் பேசுவதில்லை. என் பார்வையில் அவருடைய பொதுவாழ்வின் வேர் இங்கேதான் இருக்கிறது.

1860ஆம் ஆண்டையொட்டிச் செங்கல்பட்டு மாவட்டத்தின் கோழியாளம் கிராமத்தில் அவர் பிறந்தார். வறுமையும் சாதிக் கொடுமையும் குடும்பத்தை ஊரைவிட்டுத் துரத்தின. தஞ்சை வழியாக அவர்கள் கோவைக்கு வந்து சேர்ந்தார்கள். இங்கே அவர் சேர்ந்த கலாசாலையில் நானூறு மாணவர்கள் அளவில் படித்தனர். அவர்களில் பத்துப் பேர் போக எல்லோரும் பார்ப்பனர்கள். தன் சாதியும் குடியிருப்பும் உறவும் தெரிந்துவிட்டால் இழிவாக நடத்துவார்களே என்ற அச்சத்தில், பள்ளி தொடங்கும்வரை எங்காவது வெளியே உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகே வகுப்புக்குள் நுழைவார். வகுப்பு முடிந்ததும், மற்ற மாணவர்கள் வந்து பேச்சுக் கொடுப்பதற்குள் வேகமாக நடந்து வீடு சேர்வார். விளையாட்டு இல்லை, நண்பர்கள் இல்லை. இவ்வளவையும் 1939இல் வெளியான தம் ஜீவிய சரித்திர சுருக்கத்தில் அவரே பதிவு செய்திருக்கிறார். எண்பதை நெருங்கிய வயதில், திவான் பகதூர் பட்டம் பெற்ற பிறகும், அந்தப் பிள்ளையின் ஓட்டத்தை அவர் மறக்கவில்லை, மறைக்கவும் இல்லை.

இந்த இழப்புக்கு எந்தக் கணக்கேட்டிலும் இடம் கிடையாது. சிறை சென்றவருக்குச் சான்றிதழ் உண்டு, ஓய்வூதியம் உண்டு. படிப்பதற்காகத் தன் குழந்தைப் பருவம் முழுவதையும் கொடுத்த மாணவருக்கு என்ன உண்டு? அதைத் தியாகம் என்று நான் சொல்ல மாட்டேன். அது பறிக்கப்பட்டது. பறிபோனதைத் தியாகம் என்று அழகுபடுத்துவது, பறித்தவரைக் காப்பாற்றும் வேலை. அவருடைய தியாகம் அதற்குப் பிறகு வருகிறது.

படிப்பு முடிந்து அவர் நீலகிரிக்குச் சென்றார். 1873இல் திறக்கப்பட்ட போத்தனூர் மேட்டுப்பாளையம் ரயில் பாதை துடியலூர் வழியாகத்தான் செல்கிறது. அவரும் இந்த வழியாகவே மலையேறியிருக்க வேண்டும். அங்கே ஐரோப்பியரின் வணிக நிறுவனங்களில் ஏறத்தாழ பத்தாண்டுகள் கணக்கராக வேலை பார்த்தார். கணக்குப் புத்தகம், ஒழுங்கான சம்பளம், அக்கிரகாரமும் ஊர்க் கட்டுப்பாடும் எட்டாத மலை நகரம். சாதியைச் சொல்லாமலே ஓர் ஆயுளைக் கழித்துவிடக்கூடிய இடம் அது. அன்று படித்து மேலேறிய ஒடுக்கப்பட்டோர் சிலருக்கு வாய்த்த ஒரே பாதுகாப்பு இத்தகைய மறைவிடங்கள்தாம். அவர் தங்கையின் கணவரான அயோத்திதாசப் பண்டிதரும் அந்நாளில் நீலகிரியில் இயங்கியவர். அவர் பின்னாளில் பௌத்தத்தின் வழியே விடுதலையைத் தேடினார். சீனிவாசன் அந்த வழியில் செல்லவில்லை. இருவருக்கும் இடையிலான கருத்து வேறுபாடு தனிக் கட்டுரைக்கு உரியது.

1890இல் சீனிவாசன் மறைவிடத்தைவிட்டு இறங்கிச் சென்னைக்கு வந்தார். அடுத்த ஆண்டே பறையர் மகாஜன சபை உருவாயிற்று. 1893 அக்டோபரில் ஒரு பத்திரிகையைத் தொடங்கி, அதற்குப் 'பறையன்' என்று பெயரிட்டார். எந்தச் சொல் யார் காதிலும் விழக்கூடாது என்று கோவைத் தெருக்களில் ஓடினாரோ, அந்தச் சொல்லையே முகப்பில் அச்சிட்டு விலைக்கு விற்றார். நாகரிகமான வேறு பெயர்கள் அன்றும் இல்லாமல் இல்லை. அவற்றை வேண்டாம் என்று அவர் தள்ளியதற்குக் காரணம் எளியது: அந்தப் பெயரில் இழிவு செய்யப்படுகிறவர்கள் அந்தப் பெயரிலேயே நிமிர்ந்து வந்தாலொழிய உரிமை கேட்க முடியாது என்று அவர் கருதினார்.

இதை நான் தியாகம் என்கிறேன். தியாகம் என்றால் தன்னிடம் உள்ளதை விட்டுக்கொடுப்பது. அவரிடம் நிலம் இல்லை, பரம்பரைச் செல்வம் இல்லை. இருபதாண்டு முயற்சியில் சேர்த்த ஒரே சொத்து, யார் என்று தெரியாமல் வாழும் வசதி. பத்திரிகையின் முதல் இதழோடு அது போய்விட்டது. மீட்கவே முடியாத இழப்பு அது. சொன்ன பெயரைத் திரும்பப் பெற்றுக்கொள்ள யாராலும் முடியாது. மாத இதழாகத் தொடங்கிய பத்திரிகை சில மாதங்களில் வார இதழாயிற்று. ஏழாண்டுகள் நடந்தது. அதற்காக நீதிமன்றப் படி ஏறி அபராதமும் கட்டினார்.

அதே 1893இல், இந்தியக் குடிமைப் பணித் தேர்வை இங்கிலாந்தில் மட்டுமின்றி இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரசார் கோரியபோது, அவர் எதிர்த்து நின்றார். தேர்வு இங்கே நடந்தால் பதவிகள் சாதி இந்துக்களின் கைக்கே போகும், ஆட்சி அதிகாரமும் சாதி அதிகாரமும் ஒரே கையில் சேரும் என்பது அவர் வாதம். 3,412 பேர் கையெழுத்திட்ட, 112 அடி நீள மனு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குச் சென்றது. தேசத் துரோகி என்ற பழி அன்றுமுதல் அவர்மீது ஒட்டிக்கொண்டது. நற்பெயரும் ஒருவர் விட்டுக்கொடுக்கும் சொத்துதான். இன்று அலுவலகங்களில் எந்தச் சாதியினர் எந்த நாற்காலியில் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கிறவர்கள், அந்த மனுவை அவ்வளவு எளிதாகத் துரோகம் என்று தள்ளிவிட மாட்டார்கள்.

1900இல் பத்திரிகை நின்றது. நம் மக்களின் குறைகளை நேரில் முறையிட இங்கிலாந்துக்குப் புறப்பட்டவர், வழியில் ஆப்பிரிக்காவில் தங்கிவிட நேர்ந்தது. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். அங்கே அப்போது வழக்கறிஞராக இருந்த காந்தியுடன் பழக்கம் ஏற்பட்டது. காந்திக்குத் தமிழில் கையெழுத்திடக் கற்றுக்கொடுத்தவர் அவரே என்பார்கள். இருபதாண்டுகளுக்கு இங்கே அவர் இல்லை. இயக்கத்தைப் பாதியில் விட்டுச் சென்றவர் என்று குறை கூறுவோர் உண்டு. அந்தக் குறையை நான் முழுவதும் மறுக்கவில்லை. பத்திரிகை நின்றதால் ஏற்பட்ட இழப்பு உண்மையானது. ஆனால் ஒரு மனிதர் நாற்பது வயதில் தன் குடும்பத்துக்குச் சோறு தேடியதைக் குற்றமாகப் பதிவு செய்கிற நாம், சொத்துள்ள தலைவர்களிடம் அதே கேள்வியைக் கேட்பதில்லை. ஒடுக்கப்பட்டோரின் தலைவர் பட்டினி கிடந்தால்தான் தலைவர் என்ற எதிர்பார்ப்பு நமக்குள்ளும் இருக்கிறது.

திரும்பி வந்தவர் 1923இல் சென்னை மாகாணச் சட்டசபையில் நியமன உறுப்பினரானார். 1924 ஆகஸ்ட் 22 அன்று அவர் கொண்டுவந்த தீர்மானம், எந்தப் பொதுச் சாலையிலும் தெருவிலும் எவரும் நடக்கலாம், பொதுக் கிணறு, குளம், பொது அலுவலகம் எதையும் எவரும் பயன்படுத்தலாம் என்று வலியுறுத்தியது. செப்டம்பர் 25 அன்று அது அரசாணையாயிற்று. சட்டம் படிக்கிறவர்கள் அந்த ஆணையைத் தேடி வாசிக்க வேண்டும். அரசியல் சட்டத்தின் 15, 17 ஆகிய பிரிவுகள் வருவதற்குக் கால் நூற்றாண்டு முன்பே, அவற்றின் சாரம் சென்னை மாகாணத்தில் காகிதத்தில் இருந்தது. காகிதத்துக்கும் தெருவுக்கும் இடையே உள்ள தொலைவும் அன்றே தொடங்கிவிட்டது. நடப்பதற்கு உரிமை வேண்டும் என்று அறுபது வயது கடந்த ஒருவர் அவையில் எழுந்து கேட்க வேண்டியிருந்ததே, அதைவிட அந்தச் சமூகத்தின்மீது வேறு என்ன குற்றப்பத்திரிகை வேண்டும்?

1930, 1931ஆம் ஆண்டுகளில் இலண்டன் வட்டமேசை மாநாடுகளில் ஒடுக்கப்பட்டோரின் சார்பாக அம்பேத்கரும் சீனிவாசனும் அமர்ந்தனர். அம்பேத்கருக்கு நாற்பது வயது, இவருக்கு எழுபது. தனித்தொகுதி கோரிக்கையில் இருவரும் ஒன்றாக நின்றார்கள். எம்.சி. ராஜா 1932இல் மூஞ்சேயுடன் உடன்பாடு செய்துகொண்டு கூட்டுத் தொகுதியை ஏற்றபோதும் சீனிவாசன் அம்பேத்கரின் பக்கமே இருந்தார். 1932 ஆகஸ்டில் வகுப்புவாரித் தீர்ப்பு தனித்தொகுதியை வழங்கியது. செப்டம்பர் 20 அன்று எரவாடா சிறையில் காந்தி உண்ணாநோன்பைத் தொடங்கினார். நான்கு நாள்களில் பூனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதில் சீனிவாசனின் கையெழுத்தும் உண்டு.

தியாகத்தின் கணக்கு எப்படி எழுதப்படுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி நம் வரலாற்றில் இல்லை. ஆறு நாள் உணவைத் துறந்தவரின் செயல் தியாகம் என்று பாடப்புத்தகத்தில் ஏறியது. கையில் கிடைத்த தனித்தொகுதியை, காந்தி இறந்தால் கிராமம் கிராமமாகத் தங்கள் மக்கள் வேட்டையாடப்படுவார்கள் என்ற அச்சத்தின் நிழலில், திருப்பிக் கொடுத்தவர்களின் செயல் வெறும் உடன்பாடு என்று பதிவாயிற்று. ஒதுக்கப்பட்ட இடங்கள் 71இலிருந்து 148ஆக உயர்ந்தன என்பார்கள், உண்மை. அந்த இடங்களில் யார் அமர்வது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை கூட்டுத் தொகுதியின் பெரும்பான்மைக்குப் போயிற்று என்பதும் உண்மை. உடையவர் விட்டுக்கொடுத்தால் தியாகம். இல்லாதவர் விட்டுக்கொடுத்தால் அது அவர் கொடுத்தே தீர வேண்டிய பாக்கி. சேரியின் உழைப்பை வெட்டி என்று பெயரிட்டு வாங்கிய அதே கண்ணோட்டம்தான் இது.

இன்னொன்றையும் இங்கே பேச வேண்டும். கொங்குப் பகுதியில் பட்டியலினத்தவருள் பெரும்பகுதியினர் அருந்ததியர். பறையர் மகாஜன சபையை நிறுவியவர் நமக்கு என்ன ஆவார் என்ற கேள்வி கூட்டங்களில் எழுகிறது. நியாயமான கேள்வி, உள் ஒதுக்கீட்டுக்காகப் போராடியவர்களின் அனுபவத்திலிருந்து வருவது. என்னால் சொல்லக்கூடியது இவ்வளவே: 1924இன் தீர்மானம் எந்தச் சாதியின் பெயரையும் சொல்லவில்லை. துடியலூர்ச் சாலையில் நடக்கும் எல்லோர் காலடியிலும் அது இருக்கிறது.

இனி அந்த மாணவிக்கு வருகிறேன். உண்மையைச் சொல்லித் தியாகம் செய்யுங்கள் என்று அவருக்கு நான் அறிவுரை கூறவில்லை. சீனிவாசன்கூடப் படிக்கும் வயதில் மறைத்தே வாழ்ந்தார். படிப்பையும் பிழைப்பையும் கையில் சேர்த்த பிறகே பெயரை வெளியே வைத்தார். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்திருக்கும் நம் பிள்ளைகளிடம், படிப்பை விடு, வேலையை விடு, வழக்கை ஏற்று நில் என்று மேடையிலிருந்து கேட்கும் தோழர்கள் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். கேட்கிறவர்களில் நானும் ஒருவனாக இருந்திருக்கிறேன். புகார் கொடுக்கச் சொல்லி நான் வற்புறுத்திய ஓர் இளைஞர் ஓராண்டுப் படிப்பை இழந்தார். வழக்கு இன்னும் நடக்கிறது. வீடு கொடுக்க மறுப்பது வீட்டுக்காரரின் குற்றம். அதற்கான விலையை மாணவி ஏன் கொடுக்க வேண்டும்?

இதையெல்லாம் சொல்லிவிட்டு, 1945 செப்டம்பர் 18 அன்று மறைந்த அந்தப் பெரியவரின் சிறிய தன்வரலாற்றை என் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து அவர் புத்தகத்தைத் திருப்பித் தர வந்தார். கோவைப் பள்ளியைப் பற்றிய பக்கத்தில் ஒரு பேருந்துச் சீட்டை அடையாளமாக வைத்திருந்தார். ஐந்தாவது வீட்டில் ஊர்ப் பெயரையும் தெருவையும் சொல்லிவிட்டதாகக் கூறினார். அது நான் சொல்லிச் செய்தது அல்ல என்பதையும் சற்று அழுத்தமாகவே தெரிவித்தார். அந்த வீடு கிடைக்கவில்லை. ஆறாவது வீட்டைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை போவதாகச் சொன்னார். உரையாடலைப் பதிவு செய்தால் சாட்சியமாக ஏற்பார்களா என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.