தேயிலை வணிகரும் யார்க் நகரத்துத் தோட்டமும்

மனம் நொந்தவர்களை அறைக்குள் அமர்த்திப் பேசுவதோடு நில்லாது, தோட்டத்திற்கும் வயல்வெளிக்கும் அழைத்துச் சென்று, மண்ணைக் கொத்தவும் செடிகளுக்கு நீர் வார்க்கவும் செய்து நலம் பெறச் செய்யும் முறை இன்று பல நாடுகளில் உளமருத்துவத்தின் ஒரு பகுதியாக வளர்ந்துள்ளது. இம்முறையின் வரலாற்றைத் தேடிப் பின்னோக்கிச் செல்வோமாயின், அதன் முன்னோடிகளுள் ஒருவராக நாம் காண்பவர் மருத்துவர் அல்லர். தேயிலை விற்ற வணிகர். இங்கிலாந்தின் யார்க் நகரில் வாழ்ந்த வில்லியம் டியூக் என்பார் அவர்.

டியூக் 1732 மார்ச் 24ஆம் நாள் பிறந்தார். அவருடைய அத்தை மேரி டியூக், உரிமம் தர மறுத்த வணிகர் சங்கத்தோடு ஆண்டுக்கணக்கில் போராடி யார்க்கில் கடை நடத்தியவர். அந்தக் கடையில் பயிற்சியாளராகச் சேர்ந்த டியூக், 1752இல் அத்தை மறைந்தபோது அதன் உரிமையாளரானார். அவர் பிறந்த குடும்பம் குவேக்கர் என்னும் சிறுபான்மைக் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தது. சத்தியப் பிரமாணம் செய்வதில்லை என்ற கொள்கையால் அப்பிரிவினர்க்கு அரசுப் பதவிகளும் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பட்டங்களும் எட்டாதிருந்தன. எனவே வணிகத்தில் ஊன்றி, ஈட்டியதைக் கொண்டு தமக்கென நிறுவனங்களை எழுப்பினர். 1779இல் தொடங்கப்பெற்ற ஆக்வொர்த் பள்ளிக்காக டியூக் உழைத்திருக்கிறார். சிறுபான்மையினர் நிறுவிய கல்லூரியில் பயில்வோர்க்கு இதன் அருமையை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

அவர் வாழ்வைத் திருப்பியது ஒரு சாவு. 1790 மார்ச்சில் ஹன்னா மில்ஸ் என்னும் குவேக்கர் கைம்பெண், மனம் சோர்ந்த நிலையில் யார்க் மனநோயர் விடுதியில் சேர்க்கப்பட்டார். அவரைக் காண வந்த சபையினரை, நோயாளி பார்க்கத்தக்க நிலையில் இல்லை என்று கூறி விடுதியார் திருப்பி அனுப்பினர். ஏப்ரல் 29ஆம் நாள் அவர் இறந்துபோனார். சேர்ந்து ஆறு வாரங்களே ஆகியிருந்தன. உள்ளே என்ன நிகழ்ந்தது என்பதை எவரும் அறியக்கூடவில்லை. நம்மவர்க்கென நாமே ஓர் இல்லம் அமைத்தால் என்ன என்ற எண்ணத்தைத் தந்தையின் உள்ளத்தில் விதைத்தவர் அவர் மகள் ஆன்.

அக்காலத்து மனநோய் மருத்துவம் என்பது இரத்தம் வடித்தல், பேதி கொடுத்தல், கொப்புளம் எழுப்புதல், இவற்றிற்கும் அடங்காதவரைச் சங்கிலியில் பிணித்தல் என்ற அளவில் நின்றது. பித்துப் பிடித்தவனுக்குக் குளிரும் பசியும் தெரியா என்று கற்றவர்களும் நம்பினர். டியூக் தம் கருத்தைச் சபையில் வைத்தபோது, நம்முள் இத்தகைய நோயாளர் எத்தனை பேர், இதற்கோர் இல்லம் எதற்கு என்று மறுத்தவரும் உண்டு. அவர் தளரவில்லை. நன்கொடை திரட்டி, நகர்ப்புறத்தே பதினொரு ஏக்கர் நிலம் வாங்கிக் கட்டிய இல்லம் 1796இல் திறக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது அறுபத்து நான்கு. விடுதி, மருத்துவமனை என்ற சொற்களை விலக்கி, அமைதியாய் ஒதுங்கி இளைப்பாறும் இடம் எனப் பொருள்படும் ‘ரிட்ரீட்’ என்ற பெயரைச் சூட்டியவர் அவர் மருமகள். முதல் கண்காணிப்பாளர் விரைவில் காலமாகவே, தக்கவர் கிடைக்கும் வரை அப்பொறுப்பையும் முதியவர் தாமே சுமந்தார். 1797இல் ஜார்ஜ் ஜெப்சன் பொறுப்பேற்றார்.

இந்த இல்லத்தின் அமைப்பை நாம் சற்று நின்று நோக்குதல் வேண்டும். சன்னல்களில் கம்பிகள் இல்லை. சட்டங்கள் இரும்பேயாயினும் மரம்போலத் தோன்றுமாறு செய்யப்பட்டிருந்தன. நோயாளர் உலாவும் முற்றங்களைச் சுற்றி எட்டடிச் சுவர் உண்டு. ஆனால் வீட்டிலிருந்து நிலம் சரிந்து இறங்கியமையால் அச்சுவர் உயரமாகத் தெரியாது. அப்பாலுள்ள நாட்டுப்புறக் காட்சியும் பெரிதும் மறையாது. சிறைச்சுவரைச் சிறைச்சுவராகக் காட்டாத அந்த நுட்பம் நம்மை வியக்க வைக்கிறது. முற்றங்களில் முயல்களும் கோழிகளும் கடற்பறவைகளும் பருந்துகளும் வளர்க்கப்பட்டன. தன்னையே மறந்து கிடக்கும் ஒருவர், ஒரு முயலுக்குத் தீனி வைக்கும்போது பிற உயிரின்மேல் அன்பு கொள்ளும் உணர்வு அவரிடம் மீண்டும் விழித்தெழும் என்று இல்லத்தார் கருதினர். தோட்ட வேலையும் வயல்வெளியில் நடையும் அன்றாட வாழ்வில் இடம்பெற்றன. முதல் மருத்துவரான தாமஸ் ஃபௌலர் அந்நாளைய மருந்துகள் பலவற்றையும் பரிசோதித்துப் பார்த்து, பெரும்பாலானவை பயனற்றவை என்ற முடிவுக்கு நேர்மையாக வந்தார். சோர்வு நோய்க்கு வெந்நீர்க் குளியல் மட்டும் ஓரளவு உதவியது.

சங்கிலியோடு கொண்டுவரப்பட்டார், முப்பத்து நான்கு வயதுடைய பேருருவினர் ஒருவர். விலங்கைக் கழற்றாமலே உடை மாற்றுவதற்காக அவர் ஆடைகள் நாடா வைத்துத் தைக்கப்பட்டிருந்தன. வந்த அன்றே விலங்கை அகற்றி, கண்காணிப்பாளர்கள் இரவுணவு கொள்ளும் அறைக்கே அவரை அழைத்துச் சென்று உடன் அமர்த்தினர். நான்கு மாதங்களில் அவர் நலம் பெற்று வீடு திரும்பினார். மற்றொரு நாள், வயலில் உடன் நடந்த நோயாளி ஒருவர் பெருங்கல்லை எடுத்து ஓங்க, கண்காணிப்பாளர் சற்றும் பதறாது அவர் கண்களை நேரே நோக்கிக் கல்லைக் கீழே போடுமாறு உறுதியாகக் கூறினார். ஓங்கிய கை தாழ்ந்தது. இத்தகைய இடர்கள் நேர்ந்தும் நோயாளரை வெளியில் அழைத்துச் செல்லும் வழக்கத்தை அவர்கள் கைவிடவில்லை.

இதற்கு முன்னரே 1488இல் எதிர்னே நகரில் உதுமானியச் சுல்தான் இரண்டாம் பாயஸீத் எழுப்பிய மருத்துவமனையில், நீரூற்றின் ஒலியும் மலர்களின் மணமும் இசையும் மனநோயாளர்க்கு மருந்தாக விளங்கின என்பதை வரலாறு பயில்வோர் அறிவர். எனினும் அதற்கும் யார்க்கிற்கும் நேர்த்தொடர்பு கற்பிப்பது ஆய்வு நெறியாகாது.

ரிட்ரீட் குறையற்றது என நாம் கூறவில்லை. மூர்க்கம் கொண்டவரைத் தனியறையில் அடைப்பதும் வாரினால் கட்டுவதும் அங்கும் முற்றாக ஒழியவில்லை. சங்கிலிக்கு மாற்றாக அச்சத்தையும் குற்றவுணர்வையும் மனத்தில் பூட்டினார்கள் என்று 1961இல் பிரெஞ்சு அறிஞர் மிஷேல் ஃபூக்கோ சாடினார். அக்கருத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் சங்கிலியில் கிடந்தவரை எவரேனும் கேட்டிருப்பின், அவர் எதனைத் தெரிந்தெடுத்திருப்பார் என்பதையும் எண்ணிப் பார்த்தல் தகும்.

பேரர் சாமுவேல் டியூக் 1813இல் வெளியிட்ட நூல் இவ்வில்லத்தின் புகழை அமெரிக்கா வரை பரப்பியது. அவ்வாண்டு டிசம்பரில் பழைய யார்க் விடுதியில் தீப்பிடித்து நோயாளர் சிலர் மாண்டனர். அடுத்த ஆண்டில் அங்குள்ள மறைவறைகளின் கொடுமையும் வெளிப்பட்டது. 1815இல் நாடாளுமன்றக் குழு மனநோயர் விடுதிகளை விசாரிக்கத் தொடங்கிற்று. இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய பிறநாட்டுச் செய்தி என்று நாம் இதனைக் கடந்துவிட இயலாது. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலையில், சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்ததால் ஓடித் தப்ப முடியாமல், மனநோயாளர் இருபத்தெட்டுப் பேர் தீயில் கருகினர்.

டியூக் 1822 டிசம்பர் 6ஆம் நாள், தொண்ணூறாம் வயதில் மறைந்தார். ரிட்ரீட் இரு நூற்றாண்டுகளுக்கு மேல் நோயாளரைத் தங்க வைத்துப் பேணி, 2018இன் இறுதியில் அப்பணியை நிறுத்திக்கொண்டது. மருத்துவம் பயிலாத இவருடைய மரபில், நான்காம் தலைமுறையில் தோன்றிய டேனியல் ஹாக் டியூக் மனநோய் மருத்துவரானார்; 1858இல் பக்நில் என்பாருடன் இணைந்து அத்துறைக்கு ஒரு பெரும் பாடநூலை எழுதினார்.